எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சார்ஜிங் போர்ட் என்று அரசாங்கம் சட்டம் போடுவது சரியா? அது புதுக் கண்டுபிடிப்புகளைத் தடுக்காதா?

சரி என்பதுதான் என் பதில். ஆனால் ஐரோப்பா போட்ட அப்படியொரு சட்டத்தால் போனில் இருக்கிற ஓட்டை ஒன்றாகிவிட்டதே தவிர, அதற்குள் செருகும் வயர் இன்னும் ஒன்றாகவில்லை. நான் திருகோணமலையில் போன் திருத்தும் கடையில் நிற்கிறவன். அதனால் வயரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. கம்பனிகள் தாங்களாகவே பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று ஐரோப்பா விட்டுப் பார்த்தது. 2009இல் பெரிய போன் கம்பனிகள் மைக்ரோ யூஎஸ்பிக்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டன. ஆப்பிளும் போட்டது. ஆனால் தனியாக ஓர் அடப்டர் கொடுத்தாலே போதும் என்று அதில் ஒரு வழி இருந்தது. 2012இல் ஆப்பிள் தன் சொந்த லைட்னிங் போர்ட்டோடு தன் பாதையில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சட்டம். 2022 அக்டோபரில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 13 பேர். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன், டேப்லட், கமரா, ஹெட்போன், ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு டைப்-சி, அதாவது எந்தப் பக்கம் திருப்பியும் செருகக்கூடிய யூஎஸ்பி போர்ட், கட்டாயம். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28.

எதிர்ப்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. 2009இலேயே மைக்ரோ யூஎஸ்பியைச் சட்டமாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கம் மாற்றிச் செருகி நாக்கு உடைந்த மைக்ரோ போர்ட்டுகளை மாற்றிக் கொடுத்தவன் என்ற முறையில், நினைக்கவே பிடிக்கவில்லை. டைப்-சி வந்ததே 2014இல்தான். இப்போதைய சட்டத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பம் மாறினால் தரத்தை மாற்றி எழுத ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. வயர் இல்லாமல் மட்டுமே சார்ஜ் ஆகும் கருவிக்குப் போர்ட்டே தேவையில்லை. என்றாலும் ஒரு கம்பனி தனியாக ஒன்றைச் செய்து, சந்தையில் விட்டுப் பார்க்கிற வழி அங்கே குறுகிவிட்டது. அது இழப்புத்தான். மேசை லாச்சி நிறைய ஒன்றுக்கொன்று பொருந்தாத சார்ஜர்களை வைத்திருந்த எங்களுக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவுக்கு முன்பே சீனா இதில் ஒரு வேலை செய்தது, அதை யாரும் பேசுவதில்லை. 2006 கடைசியில் அங்கே கொண்டுவந்த தரத்தின்படி, சார்ஜர் தலையில் யூஎஸ்பி துளை இருக்க வேண்டும், வயர் தனியாகக் கழல வேண்டும். இன்று வயர் பழுதானால் வயரை மட்டும் வாங்குகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நம் இலங்கைக்கும் இது புதிதில்லை. சுவர் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டைப் பின் 5 அம்பியர், உருண்டைப் பின் 15 அம்பியர், சதுரப் பின் 13 அம்பியர் என்று மூன்றும் கலந்து கிடந்து, கடைசியில் 13 அம்பியர் சதுரப் பின்தான் நாட்டின் தரம் என்று முடிவு செய்தார்கள். எங்கள் ஊரில் உவர்மலைப் பக்கம் பழைய வீடுகளில் இன்னமும் உருண்டைத் துளைகள் இருக்கின்றன, மல்டி பிளக்கும் விற்பனையாகிறது. சட்டம் புதிதாக விற்பதைத்தான் பிடிக்கும், வீட்டுக்குள் ஏற்கெனவே இருப்பது அதுவாகச் சாகும்வரை இருக்கும்.

போன் விஷயத்தில் ஐரோப்பியச் சட்டமே இங்கேயும் வேலை செய்துவிட்டது. ஐரோப்பாவுக்கு ஒன்று, திருகோணமலைக்கு ஒன்று என்று யாரும் இரண்டு விதமாகச் செய்யப் போவதில்லை. 2023இல் ஐபோன் 15 டைப்-சியோடு வந்தபோது இங்கேயும் அதேதான் வந்தது. சீசனில் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் முன்பெல்லாம் லைட்னிங் வயர் கேட்டு அலைவார்கள். இப்போது விடுதிக்காரரின் வயரே போதும்.

இனி வயர். கடைக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இது: "தம்பி, புது டோர்ச், டைப்-சிதான், ஆனா புதுச் சார்ஜரில ஏறுதில்ல." சார்ஜரிலும் பழுதில்லை, பற்றரியிலும் பழுதில்லை. பழைய அகலமான யூஎஸ்பி துளை எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டைப்-சி துளை அப்படிக் கொடுக்காது. மறுமுனையில் உள்ள கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற சிறு பாகம் இருப்பது தெரிந்தால்தான் கரண்டை விடும். மலிவான டோர்ச், ட்ரிம்மர், குட்டி விசிறி செய்கிறவர்கள் சில்லறைக் காசு மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரையே விட்டுவிடுகிறார்கள். அதனால் இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரில் அவை சார்ஜ் ஆகாது. ஒரு முனை பழைய யூஎஸ்பியாக இருக்கும் வயரைப் போட்டால் உடனே ஏறும். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில் இரண்டு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்து, சில நல்ல வயர்களில் அது இயங்காமல் போய், பிறகு திருத்தினார்கள்.

அடுத்தது வேகம். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு டைப்-சி வயர்களில் ஒன்று 60 வாட் தாங்கும், இன்னொன்று 240 வாட் வரை தாங்கும். 3 அம்பியருக்கு மேல் கொண்டுபோக வயருக்குள் ஒரு சிப் இருக்க வேண்டும், அது இருப்பது வெளியே தெரியாது. படம், வீடியோ மாற்றும் வேகமும் அப்படித்தான். ஐபோன் 15இல் உள்ள டைப்-சி, பழைய யூஎஸ்பி 2 வேகத்தில்தான் ஓடுகிறது, 15 ப்ரோ அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஓட்டை.

ஐரோப்பியச் சட்டம் இதில் ஒரு பகுதியைக் கவனித்திருக்கிறது. 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் கருவி யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொதுவான வேகச் சார்ஜிங் முறையையும் ஏற்க வேண்டும். கம்பனி தன் சொந்த வேகச் சார்ஜிங்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இதைக் கெடுக்கக் கூடாது. கருவிக்கு எத்தனை வாட் வேண்டும் என்று பெட்டியில் போட வேண்டும். இது நல்ல விதி. ஆனால் பெட்டியே இல்லாமல் கட்டாக வந்து தொங்குகிற வயரில் எதைப் படிப்பது?

ஆகவே இலங்கையிலும் இப்படி ஒரு சட்டம் எழுதினால், போனில் தொடங்க வேண்டியதில்லை, அது தானாக நடந்துவிட்டது. வயரின் தலையில் எத்தனை வாட் என்று அச்சிடாமல் இறக்குமதி செய்யக் கூடாது என்பதிலும், அந்த ரெசிஸ்டர் இல்லாத டோர்ச்சைத் துறைமுகத்திலேயே நிறுத்துவதிலும் தொடங்கலாம். அதுவரை, புது டோர்ச் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குக் கொண்டுவருமுன் வீட்டிலிருக்கும் பழைய யூஎஸ்பி வயரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.