வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல எவ்ளோ தூரம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல நாடக மேடை மைக் பத்திதான், அதனால மொத்த பக்கத்தையும் அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: எங்க குழுவுல 12 பேர் நடிக்கிறோம், 300 பேர் உக்கார்ற அரங்கம். மேடைக்கு மேல 4 மைக் தொங்க விட்டோம். பின்வரிசையில வசனமே புரியலங்கறாங்க, வால்யூம் ஏத்தினா கூ...ன்னு கத்துது. இன்னும் ஒசத்தியான மைக் வாங்கினா சரியாகுமா சார்?

தயவுசெஞ்சு வாங்காதீங்க. உங்க மைக் நல்ல மைக்காவே இருக்கலாம், அது இருக்கற இடம்தான் தப்பு. வாய்க்கும் மைக்குக்கும் இருக்கற தூரம் ரெண்டு மடங்கானா மைக்குக்கு வர்ற குரல் 6 டெசிபல் (சத்தத்த அளக்கற அலகு) குறையும், இதுதான் கணக்கு. தொங்கற மைக் நடிகர் வாயிலேர்ந்து ஒரு 3 மீட்டர்ல இருக்குன்னு வைங்க, நெத்தியில ஒட்டின மைக் 12 சென்டிமீட்டர்ல இருக்கும், ரெண்டுக்கும் 28 டெசிபல் வித்யாசம் வருது. அவ்ளோத்தையும் நீங்க மிக்ஸர்ல (எல்லா மைக் சத்தத்தையும் கலந்து ஏத்தி இறக்கற பெட்டி) ஏத்திதான் ஈடுகட்டணும், ஆனா அந்த மைக் நடிகர மட்டுமா கேக்குது, ஸ்பீக்கர், ஃபேன், ஏசி எல்லாத்தையும் சேத்துத்தான் கேக்குது, அதான் கத்துது. இதுல இன்னொண்ணு, திறந்திருக்கற மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா கத்தாம ஏத்த முடியற அளவு 3 டெசிபல் குறையும். 4 மைக்கும் ஒண்ணா திறந்திருந்தா 6 டெசிபல் அங்கயே போச்சு.

ஷாட்கன் மைக், அதான் நீளக் குழாய் மாதிரி இருக்குமே, அத வெச்சா தூரத்துக் குரல இழுக்கும்னு சிலர் சொல்வாங்க. எந்த மைக்கும் எதையும் இழுக்காது, அது பக்கவாட்டு சத்தத்த கொஞ்சம் ஒதுக்கும், அதுவும் கீழ் ஸ்தாயியில சரியா ஒதுக்காது, அவ்ளோதான்.

12 பேருக்கும் வயர்லெஸ் வாங்க முடியலன்னா வசனம் அதிகமா இருக்கற 4 பேருக்கு மட்டும் உடம்புல மாட்டுங்க, மத்தவங்களுக்கு மேடை முன்விளிம்புல தரையோட தரையா இருக்கற பவுண்டரி மைக் ரெண்டு மூணு போதும். தரையிலயே இருக்கறதால நேரா வர்ற குரலும் தரையில பட்டு வர்ற குரலும் ஒரே நேரத்துல வந்து சேரும், ஸ்டாண்ட் மைக்ல இந்த ரெண்டும் முன்னபின்ன வந்து கலக்கறதால வர்ற அந்த ஓட்டைச் சத்தம் இதுல வராது. காலடிச் சத்தம் வரும், அதுக்கு மைக்குக்கு கீழ ஸ்பாஞ்ச் போட்டுட்டு மிக்ஸர்ல 120 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற கீழ் ஸ்தாயிச் சத்தத்த வெட்டிடுங்க. ஸ்பீக்கர கண்டிப்பா மைக்குக்கு முன்னாடி, பார்வையாளர் பக்கம் கொண்டு போயிடுங்க.

கேள்வி: சட்டை காலர்ல குத்தறதா, நெத்தியிலயா, காதுலயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நாடகத்துக்கு என் ஓட்டு நெத்திக்குத்தான், முடி ஆரம்பிக்கற கோட்டுல. டிவி பேட்டியில ஆள் அசையாம உக்காந்திருப்பாரு, அங்க காலர் சரி. மேடையில நடிகர் தலைய இடது பக்கம் திருப்பினதும் காலர் மைக்ல குரல் பாதியாயிடும், தாடைக்கு கீழ இருக்கறதால ச, ஸ மாதிரி எழுத்தெல்லாம் மழுங்கும், துணி உரசும், கட்டிப்பிடிச்சா டொம்முனு ஒரு அடி விழும். நெத்தியில இருக்கற மைக் தலையோடயே திரும்புது, தூரம் மாறவே மாறாது. சண்டைக் காட்சி, பாட்டு எல்லாத்துலயும் ஒரே அளவு கிடைக்கும்.

மாட்டற விதம்தான் முக்கியம். மேக்கப் முடிஞ்ச பிறகு மாட்டுங்க, பவுடர் உள்ள போச்சுன்னா அந்த சின்ன தலை அடைச்சிடும். ஹேர் ஸ்ப்ரே அடிக்கும்போது மைக் தலைய விரலால மூடிக்கோங்க. ஒயர முடிக்குள்ளயே பின்னாடி கொண்டு போய் பிடரியில ஒரு டேப் போடுங்க, ஆனா குனிஞ்சா இழுக்காத அளவுக்கு அங்க கொஞ்சம் தொய்வு விடணும், இத மறந்தா முதல் காட்சியிலயே மைக் நெத்திய விட்டு மூக்குக்கு வந்துடும். முடியில்லாதவங்களுக்கு காதுல கொக்கி மாதிரி மாட்டி கன்னத்து ஓரமா விடலாம். தொப்பி போடற பாத்திரமா இருந்தா தொப்பியோடயே சோதிச்சுப் பாருங்க, விளிம்புல பட்டு குரல் திரும்பி வந்து பானைக்குள்ள பேசற மாதிரி ஆயிடும்.

வியர்வை பத்தி ஒண்ணு சொல்லணும். ஒரு நாடகத்துல ரெண்டாம் பாதியில நாயகன் குரல் திடீர்னு போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஆச்சு, நான் மேல் ஸ்தாயிய ஏத்திட்டே போனேன், பத்து நிமிஷத்துல காது கிழியற மாதிரி கூர்மையா வந்தது. என்னன்னா மைக் வாயில ஒரே ஒரு வியர்வைத் துளி நின்னிருக்கு, அது காஞ்சதும் நான் ஏத்தி வெச்சது அப்படியே வெளிய வந்துடுச்சு. அன்னிலேர்ந்து குரல் மழுங்கினா ஈக்யூவ (மேல், கீழ் ஸ்தாயிய ஏத்தி இறக்கற குமிழ்) தொட மாட்டேன், அவர் உள்ள வந்ததும் ஒரு ஆள விட்டு துடைக்கச் சொல்வேன், இல்லன்னா மைக்கையே மாத்திடுவேன். முக்கியமான பாத்திரத்துக்கு ரெண்டு மைக், ரெண்டு டிரான்ஸ்மிட்டர் (குரல வயர் இல்லாம அனுப்பற சின்னப் பெட்டி) மாட்டறது வீண் செலவு இல்ல.

கேள்வி: கார்டியாய்ட் வாங்கினா கத்தாதுன்னு சொன்னாங்க, ஆம்னியா கார்டியாய்டா?

ஆம்னி மைக் எல்லாப் பக்கத்து சத்தத்தையும் ஒரே மாதிரி எடுக்கும், கார்டியாய்ட் முன்பக்கத்துச் சத்தத்த அதிகமா எடுக்கும். முகத்துல மாட்டறதுக்கு ஆம்னிதான் எனக்கு நம்பிக்கை. மைக் கொஞ்சம் திரும்பினாலும் குரல் மாறாது, மூச்சு பட்டா பொத்து பொத்துனு அடிக்காது. கார்டியாய்ட் அரை இஞ்ச் நகர்ந்தா குரலோட நிறமே மாறிடும், ஒவ்வொரு காட்சிக்கும் நடுவுல யாராவது சரி பண்ணணும். ஸ்பீக்கர நகர்த்தவே முடியாத இடம், பக்கத்துலயே டிரம்ஸ் வாசிக்கறாங்கன்னா மட்டும் கார்டியாய்ட் யோசிங்க.

கேள்வி: டிபிஏ கம்பெனியோட 4060, 4061 மைக் ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கே?

உணர்திறன்லதான் வித்யாசம். 4060 ஒரு பாஸ்கல் சத்த அழுத்தத்துக்கு 20 மில்லிவோல்ட் குடுக்கும், 4061 6 மில்லிவோல்ட், அதாவது சுமார் 10 டெசிபல் கம்மி. வாய்க்கு பக்கத்துல மாட்டி கத்திப் பேசற, பாடற நாடகத்துக்கு 4061 எடுங்க, டிரான்ஸ்மிட்டர் உள்ள குரல் உடையாது.

கேள்வி: ரெண்டு பேர் நெருங்கி நின்னு பேசற காட்சியில மட்டும் குரல் டப்பாக்குள்ள பேசற மாதிரி ஆகுது, ஏன்?

அவர் குரல் அவர் மைக்லயும் விழுது, எதிர்ல இருக்கறவங்க மைக்லயும் கொஞ்சம் லேட்டா விழுது, ரெண்டும் கலந்து சில அலைவரிசைகள் அழிஞ்சு போகுது. கட்டிப்பிடிக்கற நேரம் ஒரு மைக்க மூடிடுங்க, மிச்சமுள்ள ஒண்ணே ரெண்டு பேருக்கும் போதும். மிக்ஸர்ல உக்கார்றவர் ஸ்கிரிப்ட கையில வெச்சுக்கிட்டு யார் பேசறாங்களோ அவங்க மைக்க மட்டும் வசனத்துக்கு வசனம் திறந்து மூடணும். கஷ்டம்தான், அதனால அவரையும் முதல் ஒத்திகையிலேர்ந்தே கூப்பிடுங்க.

கேள்வி: 35 வருஷமா மேடையில நடிக்கிறேன் தம்பி. மைக் போட்டா நான் நடு மேடையில நிக்கறேன், என் குரல் ஓரத்து ஸ்பீக்கர்லேர்ந்து வருது. மைக்கே வேண்டாம்னு தோணுது.

அம்மா, உங்க குறை ரொம்ப நியாயமானது, இதுக்கு வழியும் இருக்கு. எந்த சத்தம் முதல்ல காதுக்கு வருதோ அந்தப் பக்கம்தான் ஆள் இருக்காங்கன்னு நம்ம மூளை முடிவு பண்ணுது. அதனால ஸ்பீக்கர் சத்தத்த கொஞ்சம் தாமதப்படுத்தினா உங்க சொந்தக் குரல் முதல்ல போய்ச் சேரும், ஸ்பீக்கர் பின்னாடியே வந்து தாங்கிப் பிடிக்கும். சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். நீங்க ஸ்பீக்கர் வரிசைக்கு 4 மீட்டர் பின்னாடி நின்னா 12, அதோட ஒரு 8 சேத்து 20 மில்லிசெகண்ட் தாமதம் போடச் சொல்லுங்க. ஆனா நீங்க எப்பவும் போல குரல வெளிய எடுத்துப் பேசணும்மா, மைக் இருக்கேன்னு குறைச்சுட்டா இது வேலை செய்யாது. சவுண்ட் பாக்கற பையன்கிட்ட சொல்லி, ஒத்திகையில ஒருத்தர நடு வரிசையில கண்ண மூடி உக்கார வைங்க, நீங்க பேசும்போது குரல் வர்ற திசைய கையால காட்டச் சொல்லுங்க, கை ஸ்பீக்கர் பக்கம் போனா இன்னும் 2 மில்லிசெகண்ட் ஏத்தி, ஸ்பீக்கர் சத்தத்த கொஞ்சம் குறைச்சுட்டு, கை உங்க பக்கம் திரும்பற வரைக்கும் திரும்பத் திரும்பப் பாக்கச் சொல்லுங்க.