வருடக்கணக்காகத் தலைசுற்றல்: சாப்பாடு, பழக்கம், மாத்திரை எதை நம்புவது?

கேள்வி: "ஐந்தாறு வருடமாகத் தலைசுற்றல். மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் மாற்றினால் சரியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

மாத்திரைப் பேச்சு அப்புறம். ஒரு தடவை சுற்ற ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று முதலில் கவனித்திருக்கிறீர்களா? அரை நிமிடமா, ஒரு மணி நேரமா, அரை நாளா? கூடவே காது அடைக்கிறதா, இரைகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. தலைசுற்றல் தனி நோய் இல்லை, பல நோய்களின் அறிகுறி. சாப்பாட்டுப் பத்தியம் ஒன்றுக்கு உதவும், இன்னொன்றுக்கு உதவவே உதவாது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு வகை உண்டு. எனக்கு ஊர் கூடலூர், நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மலைக்கு மேலே கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் தினம் ஏறி இறங்குகிற பிழைப்பு.

அத்தைக்கு (மனைவியின் அம்மா) வந்தது படுக்கையில் புரண்டால் சுற்றுகிற வகை. பரணில் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்த்தாலும் சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார்கள், கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், அதனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடைசியில் தேனியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அத்தையை மேசையில் உட்கார வைத்து, முகத்தை வலது பக்கம் திருப்பி, சட்டென்று பின்பக்கமாகச் சாய்த்தார். தலை மேசை விளிம்புக்குக் கீழே தொங்கியது. ஓரிரு வினாடி ஒன்றும் இல்லை. அப்புறம் கருவிழி இரண்டும் படபடவென்று சுழன்று துடித்தன. அத்தை என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். துடிப்பு நின்றதும் டாக்டர் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் வைத்து, உடம்பையும் அந்தப் பக்கமாகப் புரட்டி, பிறகு எழுப்பி உட்கார வைத்தார். எப்லி முறை என்பது இதுதான். உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, சமநிலையை உணர்த்தும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையைத் திருப்பித் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகிறார்கள். இந்த வகைக்கு வருடக்கணக்கில் மாத்திரை தின்பது வீண். திரும்ப வரலாம், வந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020ல் கொரியாவில் நடந்த ஆய்வு காட்டியது. டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

என்னுடையது மெனியர். இடது காது அடைக்கும், இரைச்சல் ஏறும், அப்புறம் கடை முழுக்கச் சுற்றும். மணிக்கணக்கில் போகும், வாந்தியும் வரும். உள்காதுத் திரவம் கூடிப்போவதோடு தொடர்புள்ள நோய். இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை ஒரு சுற்று நீடிக்கலாம். இதை உறுதிசெய்ய ஆடியோகிராம் (காது கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனை) கட்டாயம். ஆரம்பத்தில் தாழ்ந்த சுருதிச் சத்தங்கள்தான் கேட்காமல் போகும், அது பேச்சில் நமக்கே தெரியாது. அதனால் "எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் தலைசுற்றலும் உண்டு. வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போனால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அதற்கு மருந்தே வேறு.

இனி சாப்பாடு. மெனியருக்கு முதலில் சொல்வது உப்பைக் குறை என்பதுதான். நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் அளவு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. எங்கள் பக்கத்தில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. இந்தப் பக்கம் கருவாடு, மோர் மிளகாய், ஊறுகாய். மலை ஏறினால் பப்படம், மீன் அச்சார், கடை வாசலில் பாட்டில் பாட்டிலாக உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு இரண்டு பப்படம் நொறுக்கினால் கணக்கு அங்கேயே போயிற்று. என் வீட்டில் குழம்பைத் தனியாக வைக்கவில்லை. எல்லோருக்கும் உப்பைப் பாதியாக்கிப் புளி, மிளகு, எலுமிச்சையைக் கொஞ்சம் தூக்கினோம். முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், பிறகு நாக்கு பழகிவிட்டது. கருவாடு என்றைக்காவது ஒரு நாள். அன்றைக்கு வேறு எதிலும் உப்புத் தூக்கலாக இருக்காது.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்று சொல்வார்கள். அதிலும் இருப்பது சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

காப்பி, கட்டன் சாயா இரண்டையும் நான் விடவில்லை, குறைத்தேன். குமுளிக் கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு சாயாவே வேண்டாம் என்பது நடக்கிற கதையா? குடிப்பவராக இருந்தால் மதுவை விட்டுவிடுங்கள், அது நேராகவே உள்காதைக் குழப்பும். பட்டினி கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுவது, தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிப்பது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது, இவ்வளவுதான் மற்றவை.

இதனால் குணமாகுமா என்று கேட்டால், ஆகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உப்பைக் குறைத்தால் மெனியர் குறையும் என்பதற்கு வலுவான ஆய்வு இன்னும் இல்லை. பிரஷருக்கு நல்லது, கெடுதல் இல்லை, அதனால் டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் கடைப்பிடிக்கிறேன். மாத்திரைக்கும் இதே கதைதான். நம் ஊரில் தலைசுற்றல் என்றதும் எழுதித் தருவது பீட்டாஹிஸ்டைன். மெனியர் உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குறைந்த அளவு, இன்னொன்றுக்கு அதிக அளவு, மூன்றாவதற்கு வெறும் போலி மாத்திரை என்று ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள் ஜெர்மனியில். 2016ல் முடிவு வெளிவந்தது. மூன்று குழுவிலும் தலைசுற்றல் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. இந்த நோயே தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்குகிற நேரத்தில் நாம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அது பேர் வாங்கிக்கொள்கிறது. பலன் தெரிகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு, நிறையப் பேருக்கு அது ஒத்துக்கொள்ளவும் செய்கிறது. ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நிஜமாகவே கவனிக்க வேண்டியது வேறு மாத்திரைகள். ஸ்டெமெடில் என்ற பெயரில் வரும் புரோகுளோர்பெரசைன், அப்புறம் சின்னாரிசின். சுற்றி வாந்தி வரும்போது இவை தெய்வம் மாதிரி, ஆனால் ஓரிரு நாளைக்குத்தான். மாதக்கணக்கில் போட்டால், கெட்டுப்போன சமநிலைக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்வதை இவை தடுக்கும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடம்பு விறைப்பு என்று பார்க்கின்சன் மாதிரி அறிகுறிகளும் வரும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்களா? அப்படியானால் அந்தச் சீட்டில் இருப்பது எது என்று பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடமோ வேறு டாக்டரிடமோ கேட்டு நிறுத்துங்கள்.

சுற்றல் இல்லாத நாளிலும் நடை தள்ளாடினால் பயிற்சி உண்டு. சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்று, தேதி எண்ணின் மேல் கண்ணை நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவேன். எண் கலங்கினால் வேகத்தைக் குறைப்பேன். இதை ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். அலுப்பான வேலை, ஆனால் பஸ்ஸில் வளைவுகளைத் தாங்குவதற்கு எனக்கு உதவியது மாத்திரையை விட இதுதான். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்ப்பேன், போனைத் தொட மாட்டேன்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மிளகு பறிக்கும் ஏணியில் ஏறாதீர்கள். இரண்டு நாள் சுற்றவில்லை என்று பைக்கை எடுக்காதீர்கள்.

கேரளப் பக்கம் உச்சந்தலையில் ராஸ்னாதிப் பொடி தேய்க்கச் சொல்வார்கள், சுகமாகத்தான் இருக்கும். காதில் எண்ணெய் விடுவது மட்டும் வேண்டாம். செவிப்பறைக்கு வெளியே நின்றுவிடும் எண்ணெய் உள்காதுக்குப் போகாது, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ்தான் பிடிக்கும்.

சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்தாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இஞ்சிச் சாறு தேடாமல் 108க்குக் கூப்பிடுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

டாக்டரிடம் போவதற்கு முன் நாள்காட்டித் தாளிலேயே குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு நின்றது, எந்தக் காது, முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள், தூங்கினீர்களா. புரண்டு படுத்தபோது மட்டும் வருகிறதென்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அத்தைக்கு அந்த ஒரு வரியை யாரும் கேட்கவும் இல்லை, அவரும் சொல்லவும் இல்லை.