தம்பியை அக்னிவீரராக அனுப்பலாமா?

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் என்று ஊகிக்கிறேன். தம்பி ராணுவத்தில் சேரத் துடிக்கிறான், நான்கு ஆண்டு வேலை என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள் என்கிறீர்கள். தயங்குவது நியாயம்தான். இதைத் தேசத்துரோகம் என்று எழுதக் கிளம்புபவர்களுக்கு: நான் மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் பட்டாளம் என்பது தலைமுறைத் தொழில். நாட்டுப்பற்று இருந்தது, ஆனால் என் தகப்பனார் என்னை ரயிலேற்றியது பென்ஷனை நம்பித்தான். மழை பொய்த்தால் பட்டினி என்ற வீட்டில் வேறு எதை நம்புவது?

2022 ஜூனில், நான்கு ஆண்டுக்கு அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது, என் அண்ணன் மகன் உடல்தகுதி, மருத்துவம் இரண்டிலும் தேறி எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தான். கொரோனாவைச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்த தேர்வு ரத்தானது. புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அவன் விண்ணப்பிக்கவில்லை. இப்போது ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் இருக்கிறான். அதிகாலையில் ஏரிக்கரையில் ஓடியதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.

படையின் சராசரி வயது 32இலிருந்து 26 ஆகும் என்றார்கள். மலைமேல் காவலுக்கு இளைஞர்கள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு பட்ஜெட்டில் ராணுவ பென்ஷனுக்கு மட்டும் 1.19 லட்சம் கோடி ஒதுக்கினார்கள் என்பதும் தெரியும். ஆனால் அந்தச் செலவைக் குறைக்கச் சொல்லித் தொலைக்காட்சியில் முழங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை எல்லையில் நிற்கிறான்? எங்கள் தெருவிலும் அப்படித்தான். சுதந்திர தினத்தன்று சல்யூட் அடிப்பவர்கள் மறுநாள் ராணுவ கேன்டீன் ரம் கேட்டு வாசலில் நிற்பார்கள். தரவில்லை என்றால் பட்டாளத்தானுக்குத் திமிராம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கணக்குக்கு வருவோம். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய். கைக்கு வருவது 21,000, மீதியைப் பிடித்து வைப்பார்கள். நான்கு ஆண்டு முடிவில் தரும் சுமார் 11.71 லட்சத்தில் ஏறக்குறையப் பாதி, அவன் சம்பளத்தில் பிடித்ததும் அதற்கான வட்டியும்தான். அதிகபட்சம் 25 சதவீதத்தினரை நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது.

ஆகவே, அவன் கொண்டுவரும் பணத்தை நம்பி வீட்டுக் கடனோ தங்கை கல்யாணமோ காத்திருந்தால் அனுப்பாதீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் போகட்டும். சேவைக் காலப் பயிற்சியை, பட்டப்படிப்புக்கு வேண்டிய மதிப்பெண் அலகுகளில் (கிரெடிட்) பாதியாக இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. சேர்ந்தவுடன் பதிவு செய்யச் சொல்லுங்கள்.