மடக்கு சவரக்கத்திக்குப் புதுப் பிடி: கேள்வி பதில்

பிடியின் இரு தகடுகள், வால்முனையில் அவற்றுக்கு நடுவே வைக்கும் ஆப்பு, எதிர்முனையில் அலகு திரும்பும் மூட்டு, இவற்றைப் பிணைக்கும் ஆணி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கத்தியைத் தொடும் முன் அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, டேப் போட்டு மூடுங்கள். தீட்டாத பழைய கத்தியும் விரலைக் கிழிக்கும்.

கே: முதல் முறை செய்யப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது? தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

ப: மரத்தை வெட்டாதீர்கள், முதலில் தாளில் வரையுங்கள். அலகைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, மூட்டு ஆணித் துளையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையில் ஒரு குண்டூசியைக் குத்தி அலகை மூடும் நிலைக்குத் திருப்புங்கள். அப்போது வாய் முழுவதும் தகட்டின் கோட்டுக்குள் ஒளிய வேண்டும், மூக்கு (அலகின் நுனி) ஆப்பில் முட்டவும் கூடாது. மூக்குக்கும் ஆப்புக்கும் 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். முதல் பிடி செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். பிடி அழகாக முடிந்திருக்கும், மூடினால் வாய் அரை மி.மீ. வெளியே எட்டிப் பார்க்கும்.

வரைந்தபின் இரண்டு தகடுகளையும் இருபக்க ஒட்டு டேப்பால் ஒன்றாக ஒட்டி, உருவம் கொடுப்பதற்கு முன்பே துளை போடுங்கள். 1.6 மி.மீ. ஆணிக்கு 1.6 மி.மீ. துளை. கையில் பிடித்த டிரில் வேண்டாம், ஸ்டாண்டில் வைத்து நெட்டாக இறக்குங்கள். துளை கொஞ்சம் சாய்ந்தாலும் அலகு ஒரு தகட்டை உரசும். தடிமன், முடித்தபின் நடுவில் 2.5 முதல் 3 மி.மீ. அதைவிடத் தடித்தால் தகடு வளையாது. வளையாத தகட்டில் ஆப்பு செய்கிற வேலை வீணாகிவிடும்.

கே: எந்த மரம் நல்லது?

ப: அடர்த்தியான, எண்ணெய்ப்பசை உள்ள, நீரில் அதிகம் ஊதாத மரம். கருங்காலி, ஈட்டி வகைகள் நன்றாக நிற்கும். ரெசின் ஏற்றிய மரமும் நல்லது. ஈட்டி சேர்ந்திருக்கும் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி வாங்குபவர்கள், விற்பவர்கள் காகிதங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மரங்களின் தூளும், கொம்பு, எலும்புத் தூளும், ஜி10 (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த தகடு), கார்பன் ஃபைபர் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூள் வடிகட்டும் முகமூடியே வேண்டும். ஜி10-ஐ நீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

கே: ஆப்பு எதற்கு? எந்தப் பக்கம் தடிமன்?

ப: இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருக்கிறேன். பிடியின் உயிர் ஆப்பில்தான் இருக்கிறது. மூட்டில் அலகின் கழுத்து 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், உள் வாஷர்களோடு 5.5. வால்முனையில் ஆப்பு நடுவில் 3 மி.மீ. அப்படியானால் தகடுகள் வாலிலிருந்து மூட்டை நோக்கி விரிந்துகொண்டு போகின்றன. ஆகவே ஆப்பின் மெலிந்த முனை வாலில், தடித்த முனை மூட்டைப் பார்த்து.

கே: மரம் பிளக்கிற ஆப்பின் கூர் முனை உள்ளே போகத்தானே இருக்கிறது? நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

ப: அந்த ஆப்பு பிளக்கிறது, இது தாங்குகிறது. கணக்கைப் பாருங்கள். 20 மி.மீ. நீள ஆப்பு, வாலில் 2.7, உள்ளே 3.3. 20 மி.மீ.-க்கு 0.6 ஏறினால், ஆப்பின் நடுவிலிருந்து 130 மி.மீ. தள்ளி இருக்கும் மூட்டில் 3.9 ஏறும். நடுவில் இருந்த 3-ஐயும் சேர்த்தால் 6.9. நமக்கு வேண்டியது 5.5. மீதி 1.4 மி.மீ.-ஐ மூட்டு ஆணி உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. பக்கத்துக்கு 0.7 மி.மீ. இழுப்பு. அந்த இழுப்பால் தகடுகள் நடுவில் சற்றே வெளிப்பக்கம் வில்போல் நிற்கும், அலகு உரசாமல் உட்காரும், மூட்டும் தொளதொளவென்று ஆடாது.

கே: அதே நண்பர்தான். திருப்பி வைத்தும் பார்த்தேன், ஆணி அடித்ததும் இறுக்கமாகத்தானே இருக்கிறது?

ப: இறுக்கம் எங்கே என்று பாருங்கள். தடித்த முனை வாலில் இருந்தால் தகடு அந்த முனையின் ஓரத்தில் மட்டும் உட்காரும், உள்முனையில் சந்து விழும். அதில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள், போகும். கையின் ஈரம் அதற்குள் சேர்ந்து ஆணி பச்சை பிடிக்கும். தகடும் நடுவில் உள்நோக்கிச் சரிந்து அலகின் முதுகைத் தொடும்.

கே: சரிவே வேண்டாம், சமமான துண்டு வைத்தால் என்ன?

ப: துண்டின் தடிமன் மூட்டின் இடைவெளிக்கு ஈடாக இருந்தால் வைக்கலாம். தகடுகள் இணையாக நிற்கும், வேலை நடக்கும். ஆனால் வில் இருக்காது, வாலும் பருத்துத் தெரியும். 3 மி.மீ. சமத்துண்டு வைத்தால் மேலே சொன்ன சந்து அதன் உள்முனையில் விழும். ஒட்டுப்பசையால் அதை மறைப்பது வேலை அல்ல.

இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் ஆணி அடிக்கும் முன் சின்ன திருகும் மரையும் போட்டு ஒத்திகை பாருங்கள். 0-80 அளவுத் திருகு 1.5 மி.மீ. விட்டம்தான், 1.6 துளையில் போய்விடும். ஆப்பை இரண்டு பக்கமும் திருப்பி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சந்து எங்கே என்று கண்ணே சொல்லும். எல்லோரும் ஒத்திகை பார்க்க வேண்டும். அடித்த ஆணியைப் பிரிப்பது தகட்டுக்குச் செய்யும் துரோகம்.

கே: ஆப்பை எந்தப் பொருளில் செய்வது? ஈயம்?

ப: பழைய கத்திகளில் ஈயம் உண்டு. கனம் வாலுக்கு வருவதால் கை நிதானம் நன்றாக இருக்கும். ஆனால் அறுத்தால், தேய்த்தால் தூள் நஞ்சு. அதே கனத்துக்குப் பித்தளை போதும். தகட்டோடு நிறம் முரண்படும் கொம்பு, எலும்பு எனக்குப் பிடிக்கும். பொருள் எதுவானாலும் ஆப்பைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஆணி இறுகியபின் ஓரங்களைத் தகட்டோடு சமமாக அரத்தால் இழையுங்கள்.

கே: எந்த மரம் சிறந்தது?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: ரிவிட் அடித்தபோது (ஆணியின் முனையைத் தட்டித் தலையாக்கியபோது) தகடு விரிந்துவிட்டது. ஏன்?

ப: சுத்தியல் கனமாக இருந்திருக்கும், அல்லது ஆணி நீளமாக. வாஷருக்கு மேல் ஆணியின் விட்டத்தில் பாதி, அதாவது 0.8 மி.மீ., மட்டும் நீட்டியிருக்க வேண்டும். கூடினால் தலை விரிவதற்குப் பதில் ஆணி துளைக்குள்ளேயே வளைந்து, பருத்து, மரத்தைப் பிளக்கும். சின்னச் சுத்தியலின் உருண்டை முகத்தால் சும்மா தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. நாலு தட்டு இந்தப் பக்கம், திருப்பி நாலு தட்டு அந்தப் பக்கம். ஆணியின் நடுவைத் தொடாமல் விளிம்பைச் சுற்றி வந்தால் தலை காளான்போல் எழும். அடிக்கொருதரம் அலகைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வர வேண்டும், தானாக விழக் கூடாது.

கே: கொம்புத் தகடு வளைந்துவிட்டது.

ப: சூடான நீரில் போட்டு இளகியதும் இரண்டு சமமான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு, முழுக்க ஆறும்வரை விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் திரும்ப வளையும். எண்ணெய் காட்டிக்கொண்டே இருங்கள், காய்ந்த கொம்பு இதழ் இதழாகப் பிரியும்.

கே: பழைய செல்லுலாய்டு பிடி, அலகில் துரு. பிடியை மெருகேற்றி வைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம். செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும். அது சிதையும்போது வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் எஃகை அரிக்கும், பக்கத்தில் வைத்த மற்ற கத்திகளையும் அரிக்கும். விரிசல், புளித்த வாடை, ஆணியைச் சுற்றிப் பச்சை தெரிந்தால் அன்றே பிரித்து எடுங்கள். இயந்திரத்தில் தேய்க்கவே கூடாது, குபீரென்று தீப்பற்றும்.

கே: தந்தம் வைக்கலாமா?

ப: கூடாது. ஆப்பிரிக்க யானையும் 1989-இல் சைட்டிஸ் முதல் பட்டியலுக்குப் போனது, ஆசிய யானை அதற்கு முன்பே. எலும்பு போதும்.

கே: தீட்டுவது எப்படி?

ப: அது தனி வித்தை, தீட்டுபவரிடம் கேளுங்கள். பிடி போட்டபின் தீட்டுங்கள், முன்பு அல்ல.

கே: நல்ல மரம் எது சார்?

ப: இரண்டாவது பதில். வாயில் டேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கே: மெருகேற்றும் சக்கரத்தில் அலகோடு சேர்த்துப் பிடிக்கலாமா?

ப: பிடி போடும் முன் அலகைத் தனியாக மெருகேற்றுங்கள். விரலால் தாங்க முடியாத சூடு வந்தால் நிறுத்தி நீரில் ஆற்றுங்கள், இல்லையென்றால் எஃகின் பதம் போய்விடும். சக்கரம் வாய்க்கு எதிராக ஓடக் கூடாது. வாயிலிருந்து விலகிச் செல்லும் திசையிலேயே பிடியுங்கள், சக்கரம் கத்தியைப் பறித்து வீசினால் தப்பிக்க நேரம் இருக்காது. பிடியைத் தனியே 400-லிருந்து 2000 வரை உப்புத்தாளில் நீர் தொட்டுத் தேய்த்தாலே சக்கரம் தேவைப்படாது.