போட்டோஷாப்பில் வரையும் முகம் பிளாஸ்டிக் போலத் தெரிவது ஏன்?

எவ்வளவு பொறுமையாக வரைந்தாலும் தோல் பொம்மை போல வழவழக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் மென்விளிம்புப் பிரஷ்தான். எல்லா இடத்தையும் அதனாலேயே குழைத்தால் இமை, மூக்குத் துவாரம் போன்ற கூர்மையான விளிம்புகள் கரைந்துவிடும். கெட்டி விளிம்புப் பிரஷை 30–40% ஒபாசிட்டியில் (நிறம் எவ்வளவு அடர்த்தியாகப் பதியும் என்ற அளவு) வைத்து நிறங்களை அடுக்குங்கள். கன்னம் போன்ற உருண்ட பகுதிக்கு மட்டும் மென்பிரஷ் போதும்.

நிழலுக்கு வெறும் கறுப்பைக் கலக்காதீர்கள். ஒளி தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவருவதால், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரம் சிவப்பேறித் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் விழும் காது மடலில் இன்னும் அதிகம். முகத்துக்கு உயிர் கொடுப்பதே இதுதான்.

தோல் துளைகளுக்கு, படத்தின் மேல் புது லேயரை (தனி அடுக்கு) 50% சாம்பல் நிறத்தால் நிரப்பி ஓவர்லே மோடில் வையுங்கள்; இந்த மோடில் அந்தச் சாம்பல் தெரியாது, அதைவிட வெளிறிய, கருத்த புள்ளிகள் மட்டும் படத்தில் தெரியும். அந்த லேயருக்கு 4–5% ஒற்றைநிற நாய்ஸும் (பொடிப் புள்ளிகள்), பிறகு 0.5 பிக்சல் காசியன் பிளரும் (லேசாக மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுங்கள். நிழலில் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போட்டுக் குறைக்காவிட்டால் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.