2.5 கிலோ ஈயக் குண்டின் கன அளவு: 28,350 ஏன் வந்தது?

வலைக்கு வாங்கிய 2.5 கிலோ ஈயக் குண்டுகளின் கன அளவைக் கணக்கிட்டால் 28,350 வருகிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். விடை சுமார் 220 கன செ.மீ. 2,500 கிராமை ஈயத்தின் அடர்த்தியான 11.34-ஆல் (ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம்) வகுக்கணும், நீங்கள் பெருக்கிவிட்டீர்கள்.

அலகையும் கூடவே எழுதியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பெருக்கினால் கிராம் × கிராம் / கன செ.மீ. என்று வரும், அது கன அளவே இல்லை. அடர்த்தியைத் தலைகீழாக, 1 கன செ.மீ. / 11.34 கிராம் என்று போட்டுப் பெருக்குங்கள். கிராமும் கிராமும் அடிபட்டு, கன செ.மீ. மட்டும் நிற்கும்.

சந்தேகமா? விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் குண்டுகளை மெதுவாக இறக்கி, வழிவதை அளவுக் குவளையில் பிடியுங்கள். 220 மி.லி.க்குப் பக்கத்தில் வரும்.

ஆனால் கடலூர் துறைமுகத்தில் வலைக்கு வாங்கிய குண்டு என்கிறீர்கள். பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி வார்த்ததென்றால் ஈயத்தைவிட லேசான ஆன்டிமனி என்ற தனிமம் கலந்திருக்கும். அடர்த்தி குறையும், தண்ணீர் கொஞ்சம் கூடவே வழியும். அப்புறம், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.