நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பயமில்லையா?

கேள்வி: சிட்னியின் வடபகுதியில் ஐந்து வயது மகனுடன் வசிக்கிறோம். சென்ற வாரம் மழை விட்ட இரவில், பளபளப்பான கறுப்புச் சிலந்தி ஒன்று எங்கள் நாயைக் கடித்தது. ‘ஃபனல் வெப்’ சிலந்தி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் பயப்படத் தேவையில்லை என்கிறார் என் கணவர். சரிதானா?
- வாசகி, சிட்னி

மருத்துவர் பதில்: சரியில்லை. நாய் பிழைத்ததை வைத்து இந்தச் சிலந்தியை எடைபோடவே கூடாது. நாய், பூனை, முயல் போன்றவற்றின் இரத்தத்தில் இந்த விஷத்தை முறிக்கும் பொருட்கள் இயல்பாகவே உள்ளன. மனிதருக்கும் குரங்குக்கும் அந்தக் காப்பு இல்லை. நம் நரம்புகளில் சோடியம் நுழையும் வாயில்களை இந்த விஷம் சரிவர மூடவிடாது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும். உடல் சிறியது என்பதால் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சிட்னியையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாயகமாகக் கொண்ட சிலந்தி இது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில், கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் வளை தோண்டி, உள்ளே பட்டிழையால் பூசிக்கொள்ளும். வாசலைச் சுற்றி இழைகளை நீட்டிவைத்து, பூச்சி இடறியதும் பாய்ந்து பிடிக்கும். பெண் சிலந்தி ஆண்டுக்கணக்கில் வளையை விட்டு அகலாது. ஆண் அப்படியல்ல. முதிர்ந்ததும் வளையைத் துறந்து, பெண்ணைத் தேடி இரவில் அலையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை, குறிப்பாக மழைக்குப் பிறகு, வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இதுதான். பெண்ணின் விஷத்தைவிட ஆணின் விஷம் பல மடங்கு கொடியது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

கடித்தால் வலி கடுமையாக இருக்கும். விஷம் ஏறினால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்குத் துடிப்பு, எச்சில் வடிதல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல் எல்லாம் தொடங்கும். பிறகு இரத்த அழுத்தம் எகிறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை; கடுமையாகப் பாதிக்கப்படுவோர் சிறு பங்கினரே. ஆனால் எந்தக் கடி எப்படிப்பட்டது என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது. சிட்னியில் பெரிய கறுப்புச் சிலந்தி கடித்தால் ஃபனல் வெப் என்றே கொண்டு செயல்படுங்கள். கடித்த இடத்தின் மேல் கிரேப் பேண்டேஜை அழுத்திச் சுற்றி, கை அல்லது கால் முழுவதையும் கட்டுங்கள். அசையாதபடி ஒரு கட்டையைச் சேர்த்துக் கட்டி, அவசர உதவிக்கான 000 எண்ணை அழையுங்கள். குழந்தையை நடக்கவிடாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

1981இல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஸ்ட்ருவான் சதர்லேண்ட் குழுவினர் மெல்போர்னில் விஷமுறிவு மருந்தை உருவாக்கினர். அதற்கு முன் 1927 முதல் 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. மருந்து வந்தபின் ஒன்றுகூட இல்லை. அதைத் தயாரிக்க உதவுவது, உங்கள் நாயைப் போலவே இந்த விஷத்தைத் தாங்கும் முயல்தான். ஆகவே வீட்டை மாற்ற வேண்டியதில்லை. தாமதம் மட்டும் கூடாது.

வெளியே கிடக்கும் காலணியை உதறிவிட்டு அணியப் பழக்குங்கள். தரையில் துணியைப் போடாதீர்கள். கதவடி இடுக்கை அடையுங்கள். தோட்ட வேலைக்குக் கையுறை அவசியம். நீச்சல் குளத்தில் அசையாமல் கிடக்கும் சிலந்தியை மகன் தொடவே கூடாது; உடல் மயிர்களில் காற்றுக் குமிழியைப் பிடித்துவைத்து நீரில் ஒரு நாளுக்கு மேலும் அது உயிரோடிருக்கும்.

இன்னொன்றையும் கணவரிடம் சொல்லுங்கள்: முதுகில் சிவப்புக் கோடுள்ள ‘ரெட்பேக்’ சிலந்தி கடித்தால் இந்தக் கட்டு வேண்டாம், வலிதான் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.